விலை கொடுத்ததெல்லாம் நம்முடையதா?

ஜப்பானின் ஒசாகா நகரில், ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நடுத்தரக் கட்டண விடுதி ஒன்றில் மூன்று இரவுகள் தங்குவதற்கு ஒரு பயணி வருவதாக வைத்துக்கொள்வோம். அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் செல்பவர்களுக்கென்றே அந்நாட்டில் இத்தகைய விடுதிகள் ஏராளமாக உள்ளன. 'பிஸினஸ் ஹோட்டல்' என்றே அவற்றுக்குப் பெயர். பயணி வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, கட்டணத்தைச் செலுத்திவிட்டு லிஃப்டை நோக்கி நடக்கிறார். வழியில் ஓர் அலமாரி இருக்கிறது. டூத் பிரஷ், ரேசர், சீப்பு, தேயிலைப் பை முதலியவை தனித்தனிக் கூடைகளில் வைக்கப்பட்டுள்ளன. தேவையானதை மட்டும் எடுத்துச் செல்லுமாறு அருகில் ஒரு சிறிய அறிவிப்பு. யார் எத்தனை எடுக்கிறார் என்று எவரும் எண்ணுவதில்லை.

அவருக்குத் தேவை ஒரு பிரஷ். கையோ மூன்றை எடுத்துவிடுகிறது. 'பணம்தான் கொடுத்தாயிற்றே!' என்று மனம் உடனே சமாதானம் சொல்கிறது.

இதில் தவறு உண்டா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நீர், மின்சாரம், உணவு ஆகியவற்றை நாம் பயன்படுத்தும் விதம் முழுவதும் இந்தச் சிறு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளுக்கு விலை கொடுத்துவிட்டால், அதை விருப்பம்போல் செலவழிக்கும் உரிமையும் கிடைத்துவிடுகிறதா?

வாங்கியது எது?

பயணி அறைக்குள் நுழைகிறார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. ஒரே அச்சில் வார்த்தது போன்ற சிறு குளியலறை. தொழிற்சாலையில் முன்கூட்டியே தயாரித்துப் பொருத்தும் இவ்வகைக் குளியலறை, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட 'நியூ ஒட்டானி' ஹோட்டலின் வேலையை விரைந்து முடிப்பதற்காக 'டோட்டோ' நிறுவனம் உருவாக்கியது. இன்று அது நாடெங்கும் பரவியுள்ளது. அறையில் எதுவும் மிகையில்லை. ஒருவர் இரவைக் கழிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இருக்கிறது.

அங்குள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பயன்படுத்தித் தீர்த்துவிடுவதற்காக வைக்கப்பட்டவை முதல் வகை. தேயிலையும் பிரஷும் இதில் சேரும். பயன்படுத்திவிட்டுத் திரும்ப விட்டுச்செல்ல வேண்டியவை இரண்டாம் வகை. துண்டும், உறங்கும்போது உடுத்த மடித்து வைக்கப்பட்டுள்ள உடையும் இவ்வகை. இவற்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது திருட்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மூன்றாம் வகையை நாம் பொருளாகவே எண்ணுவதில்லை. வெந்நீர், விளக்கொளி, குளிர்காற்று, பிறர் உழைப்பு ஆகியவையே அவை. மனம் தடுமாறுவது முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும்தான்.

இங்கே ஒரு வலுவான வாதம் எழக்கூடும். 'பிரஷின் விலையும் வெந்நீரின் விலையும் கட்டணத்திலேயே சேர்ந்துள்ளன. நான் எடுக்காமல் விட்டால் விடுதி முதலாளிக்குத்தானே லாபம்? என் சிக்கனம் அறமாகுமா, ஏமாளித்தனமாகுமா?'

இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பயணிக்கும் விடுதிக்கும் இடையே உள்ள கணக்கை மட்டும் பார்த்தால், அவர் குற்றம் செய்யவில்லை. ஆனால் அக்கணக்கில் இடம்பெறாதவர்களும் இருக்கிறார்கள். தூக்கியெறியப்படும் பிளாஸ்டிக்கை ஏற்கப்போகும் மண்ணும் கடலும் அந்த ரசீதில் கையெழுத்திடவில்லை. இதை உணர்ந்தே ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் 12 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைக் குறைக்குமாறு அது வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறது. விடுதிகளின் டூத் பிரஷ், ரேசர், சீப்பு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அறைக்குள் இருந்த பொருள்கள் பல விடுதிகளில் கீழ்த்தளத்து அலமாரிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சட்டத்தால் அலமாரியை இடம் மாற்ற முடிந்தது. அதனிடம் நீளும் கையைத் தடுப்பது சட்டத்தின் வேலையன்று.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் தனியுடைமையை உறுதியாக ஆதரித்தவர். அவரும் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்தார். கெட்டு வீணாவதற்குமுன் ஒருவனால் எவ்வளவைப் பயன்படுத்த முடியுமோ, அவ்வளவே அவனுக்குரியது. அதற்கு மேற்பட்டது பிறருடைய பங்கு என்பது அவர் கருத்து.

பாதி அகப்பை நீர்

பற்றாக்குறையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இக்கேள்விக்கு ஜப்பானிலேயே ஒரு பழைய விடை உண்டு. ஜென் ஆசான் டோகன் 1244இல் ஃபுகுய் மலைப்பகுதியில் நிறுவிய மடாலயம் எய்ஹெய்ஜி. அங்கே ஓடையிலிருந்து அகப்பையில் நீர் மொள்ளும்போதெல்லாம், வேண்டியதைப் பயன்படுத்திக்கொண்டு எஞ்சிய பாதியை அவர் மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடுவாராம். மலையில் நீருக்குப் பஞ்சமில்லை. பாதி அகப்பை நீரால் ஓடை பெருகிவிடப் போவதுமில்லை. எனினும் கீழே வாழ்பவர்களுக்கும் உரிய நீர் அது என்ற நினைவு அச்செயலால் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. அளவோடு கொள்வது மற்றவர்களை நினைவில் வைத்திருப்பதன் அடையாளம்.

பொருளை அதன் தகுதிக்கேற்ப நடத்தாமல் வீணாக்குவதை எண்ணி வருந்தும் 'மொத்தாய்னை' என்ற சொல் ஜப்பானியரின் அன்றாடப் பேச்சில் உண்டு. நோபல் அமைதிப் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய் 2005இல் ஜப்பான் சென்றபோது இச்சொல்லால் கவரப்பட்டு, அதை உலகெங்கும் எடுத்துச் சென்றார்.

முகம் காணாதவர்

இறுதியாக, உழைப்பு. காலை 10 அல்லது 11 மணிக்குள் விருந்தினர் வெளியேற வேண்டும்; அடுத்தவர் வருவது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. இடைப்பட்ட சில மணி நேரத்தில் யாரோ ஒருவர் கட்டில் விரிப்பை மாற்றி, தரையைத் துடைத்து, குளியலறையைக் காயவைக்கிறார். பயணி அவர் முகத்தைக் காண்பதில்லை. நன்றிக்கு அடையாளமாக மேசைமீது ஒரு நாணயத்தை வைத்துச் சென்றாலும் பயனில்லை. அந்நாட்டில் 'டிப்ஸ்' கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லாததால், மறந்துவிட்டுச் சென்ற பணம் என்று கருதி அதை எடுத்துவைத்துவிடவும் கூடும்.

பணத்தால் தீர்க்க முடியாத இந்தக் கடனை அவர் வேறு எப்படித் தீர்ப்பது? ஈரத் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்கலாம். குப்பையைக் கூடையில் போடலாம். அடுத்த இரவும் அதே அறையில்தான் தங்கப்போகிறார் என்றால், விரிப்பை மாற்ற வேண்டாம் என்று தெரிவிக்கும் அட்டையைக் கதவில் மாட்டலாம். இவை அவர் கடமைகள் என்று எந்த ரசீதிலும் எழுதப்படவில்லை. விலை, சேவையைப் பெறும் உரிமையைத் தருகிறது. சேவை செய்பவரை மறந்துவிடும் உரிமையைத் தருவதில்லை.

நான்காம் நாள் காலை. பயணி பெட்டியை மூடப்போகிறார். பிரிக்கப்படாத உறைகளில் இரண்டு பிரஷ்கள் கண்ணில் படுகின்றன. வீட்டில் பிரஷுக்குக் குறைவில்லை. சற்றே தயங்கியவர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வருகிறார். சாவி அட்டையை அதற்குரிய பெட்டியில் போடுகிறார். பிறகு அலமாரிக்குச் சென்று, இரண்டையும் கூடையில் திரும்ப வைக்கிறார்.

அவர் எடுத்ததை எவரும் எண்ணவில்லை. திரும்ப வைத்ததையும் எவரும் காணவில்லை. பார்ப்பவர் யாருமில்லாதபோது நம் கை எந்த அளவில் நிற்கிறது? அந்த அளவே நம் பண்பின் அளவு.