மௌனத்துக்கு ஒரு கெடு

கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆகிவிட்டது என்கிறோம். உறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு. எங்கள் புதுக்கோட்டை ஜில்லாவில் உறைவது தயிரும் ரத்தமும்தான். வார்த்தை எதுவானாலும் ஸ்திதி ஒன்றே. திரை ஒளிர்கிறது, அம்புக்குறி அசையவில்லை. உள்ளே வேலை நடக்கிறதா, எல்லாம் முடிந்துவிட்டதா என்பது வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தெரியாமையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் விஷயம்.

என் வீட்டிலிருப்பது, தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மறுவருஷம் தங்கைக்குக் கிடைத்தது. 2 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கான ஆதரவே 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. தங்கை கல்யாணமாகிப் போனபின் என் கட்டுரைகள் அதில் குடியிருக்கின்றன. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த யந்திரம். அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

அது நின்றுபோவதில் இரண்டு வகை. நாலைந்து காரியங்களை ஒருசேரக் கொடுத்தால் நினைவகம் நிரம்பி, மிஞ்சியதை டிஸ்க்கில் எழுதியும் திரும்ப வாசித்தும் திணறும். டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு, தாமதமாகவேனும், எரியும். காத்திருந்தால் மீளும். மற்றது சித்திரை வெயிலில் வருவது: விசிறியில் செம்மண் புழுதி அடைத்து, பிராசஸர்மேல் பூசிய பசை காய்ந்து, சூடேறி நிற்பது. அப்போது எந்த விளக்கும் பதில் சொல்லாது. மணிக்கணக்கில் காத்திருந்தும் பிரயோஜனமில்லை. கீழ ராஜ வீதியில் ரிப்பேர் பார்க்கும் பையன் விளக்குகளைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடுகிறான். புழுதியை ஊதி, பசையை மாற்றி, எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தான். நிற்பது குறைந்தது.

ஆனால் விளக்குகளும் முழுச் சாட்சி அல்ல. ஒரு புரோகிராம் முடிவற்ற சுழலில் மாட்டிக்கொண்டால் விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும். அது மட்டும் திரும்பி வராது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது என்றாவது முடியுமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொதுவழி இருக்க முடியாது என்பது ஆலன் டூரிங்கின் 1936ஆம் வருஷத்துக் கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிவு. இதை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படியே பொருத்திப் பரவசப்படுவது கவிஞர்களின் வேலை. எல்லையுள்ள நினைவகம் கொண்ட யந்திரத்துக்குக் கோட்பாட்டளவில் பதில் உண்டு. கணக்குப் பார்த்து முடிக்க யாருக்கும் ஆயுள் போதாது, அவ்வளவுதான்.

ஆகவே விண்டோஸ் கண்டுபிடிக்க முயல்வதில்லை, கெடு வைக்கிறது. ஒரு புரோகிராமின் ஜன்னல் 5 விநாடி எதையும் ஏற்காமலிருந்தால் 'பதிலளிக்கவில்லை' என்று அதன் தலையில் எழுதிவிடுகிறது. ஏன் ஐந்து? யாரோ ஐந்து என்று தீர்மானித்தார்கள்.

நான் பிழைப்பு நடத்தும் வங்கித் தொழிலிலும் இதே தர்க்கம்தான். வாடிக்கையாளர் 2 வருஷத்துக்கு மேல் தொடாத கணக்கு செயல்படாத கணக்கு. 10 வருஷமானால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். சேதியே இல்லாமல் 7 வருஷம் போனால், ஆள் உயிரோடிருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அந்த ஏழை விடவில்லை.

இந்த எண்களில் எதுவும் அறிவு அல்ல. காரியம் நடப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாடே கூடாதென்று நான் சொல்லவில்லை. கெடுவை உண்மையாக எடுத்துக்கொள்வதில்தான் என் ஆட்சேபம். பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறவன் 'அது செத்துவிட்டது' என்கிறான். 'நான் நிறுத்துகிறேன்' என்பதே சரியான வாக்கியம். சேமிக்காத மூன்று பக்கம் போனால் அது அவன் பற்றில் எழுத வேண்டியது.

சட்டம் இந்த விஷயத்தில் நாணயமானது. ஆள் வந்து நின்றால் அதன் அனுமானம் விழுந்துவிடும். ரிசர்வ் வங்கிக்குப் போன பணமும் உரியவர் கேட்டால் திரும்பி வரும். நம் விமர்சகர்களிடம் அந்த ஷரத்து இல்லை. 'அவர் தீர்ந்துபோய்விட்டார்' என்று டீக்கடையில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. அதன்பின் சுந்தர ராமசாமி சில வருஷங்கள் எழுதாமலிருந்தார். எழுபதுகளில் திரும்பி வந்தார்; 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981. இடையில் உள்ளே ஓடியதற்கு வெளியே எந்த விளக்கும் எரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கவிஞர் ஒருவர் பத்து வருஷமாக எதுவும் பிரசுரிக்கவில்லை. ஒரு தொகுப்புக்காக அவரைப் பற்றி இரண்டு வரி கேட்டார்கள். 'எழுதுவதை நிறுத்திவிட்டார்' என்று அவர்களே போட்டு அனுப்பியிருந்த வரியை அடித்துவிட்டு, கடைசிக் கவிதை வந்த வருஷத்தை மட்டும் எழுதி அனுப்பினேன்.