கேட்டால்தான் சொல்லணுமா?

வீடு விற்கும்போது, அதன் குறையைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? தேக்காவில் நம் இளையர் சந்திப்பு முடிந்து டீ குடிக்கும்போது இந்தக் கேள்வியைப் போட்டேன். பாதிப் பேர், "கேக்காதது வாங்குறவங்க தப்பு"ன்னு சொன்னாங்க.

எனக்கு இது வெறும் விவாதம் இல்லை. சென்னைப் புறநகரில் எங்கள் தாத்தா வீட்டை விற்கப் போகிறோம். அந்தப் பணம் வந்தால் என் படிப்புக் கடன் அடையும். ஆனால் சித்திரை பிறந்தால் அங்கே போர்வெல் வற்றிவிடும். பிறகு லாரித் தண்ணீர்தான். பெரியப்பா அப்பாவிடம் போனில் சொன்னார்: "தம்பி, தை மாசம் வீட்டைக் காட்டுவோம். கேட்டா சொல்லலாம். நாமளா எதுக்கு வாயைத் திறக்கணும்?"

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். தையில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும். மோட்டார் போட்டால் தண்ணீர் கொட்டும். கண்ணெதிரே கொட்டும்போது யாருக்குக் கேட்கத் தோன்றும்? 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளே வறண்டன. தையில் பார்த்தால் அது தெரியாது.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, இதைத்தான் பேசுகிறது: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும், மறைப்பது மோசடி. கோடை வறட்சி அதில் அடங்குமா என்பதை வக்கீல்கள் பார்க்கட்டும். தர்மம் என்ன சொல்கிறது?

குருக்ஷேத்திரத்தில் தருமர் "அசுவத்தாமன் இறந்தான்" என்பதை உரக்கச் சொல்லி, "யானை" என்பதை மெதுவாகச் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் தரையைத் தொடாமல் நின்ற அவர் தேர் மண்ணில் இறங்கியது. துரோணர் மனதில் எதை நம்பவைக்க நினைத்தாரோ, குற்றம் அங்கே இருந்தது. தை மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதே வேலைதான்.

"சொன்னா விலை குறையுமே, நமக்கு நஷ்டம்தானே?" குறையும். ஆனால் குறைகிற தொகை நம்முடையதே இல்லை. வாங்குபவர் நாளை லாரிக்குக் கொடுக்கப்போகும் காசு அது. சொல்லாமல் விற்றால், அதை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறோம். என் கடனை முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எதற்கு அடைக்கணும்?

அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: எந்த மாதமும் வீட்டைக் காட்டுங்க, கூடவே போன கோடையின் லாரி ரசீதையும் கையில் கொடுங்க. விலையை அதுக்கப்புறம் பேசலாம்.