செய்தியாகாத நன்மைகள்

காலையில் பத்திரிகை கைக்கு வந்ததும் நாம் எதைப் பார்க்கிறோம்? விபத்து, கொலை, வெள்ளம், விலையேற்றம், மரண அறிவித்தல். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஒரு நல்ல செய்திகூட இல்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். மறுநாளும் அவ்வாறே. உலகில் நன்மை அருகிவிட்டதா? அல்லது அதைக் காணும் கண் நமக்கு மங்கிவிட்டதா? இக்கேள்வியைச் சற்று நின்று சிந்திப்பது பயனுடையது.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வன்னியிலுள்ள ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். மழை விட்டிருந்தது. பேரப்பிள்ளைகள் முற்றத்து வெள்ளத்தில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "என்ன ஆச்சி, ஏதும் புதினமோ?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இந்த மாரிக்கும் இஞ்சை ஒருத்தருக்கும் நடுக்கக் காய்ச்சல் இல்லைத் தம்பி. அதுதான் புதினம். நான் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை மாரி வந்தால் வீட்டிலை பாதிப்பேர் போர்வைக்குள்ளை. அடுப்பு மூட்டவும் ஆளிராது. இதை ஆர் தம்பி பேப்பரிலை போடுறது?" என்றார் அவர்.

அப்போது சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

ஆச்சி சொன்னது நடந்த ஒன்றைப் பற்றியதல்ல. நடக்காமற் போன ஒன்றைப் பற்றியது. பத்திரிகை நடந்ததைச் சொல்வது. ஒரு பஸ் வண்டி குடைசாய்ந்தால் அது செய்தி. அன்று ஆயிரம் பஸ் வண்டிகள் தம் பயணிகளைப் பத்திரமாக வீடு சேர்த்தது செய்தியாவதில்லை. அதற்காகப் பத்திரிகைக்காரரைக் குறை கூறுவது நியாயமாகாது. தீமை பெரும்பாலும் ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது; அதற்கு நாளும் நேரமும் உண்டு. நன்மையோ நெல்லு வளர்வது போல, பார்த்திருக்க அசைவில்லாமல் வளர்கிறது. இன்ன நாளில் வந்தது என்று அதைக் குறித்துக் காட்டுவது கடினம்.

நன்மை கண்ணில் படாமைக்கு இன்னுமொரு காரணம் அதன் உருவம் சிறியதாயிருப்பது. வயிற்றோட்டம் என்றால் நம் வீடுகளில் 'ஜீவனி' பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்கிறோம். அதிலுள்ளவை முக்கியமாக உப்பும் குளுக்கோசும் தாம். தண்ணீரை மட்டும் கொடுத்தால் நோயாளியின் குடல் அதை வேண்டிய அளவுக்கு ஏற்பதில்லை. சரியான அளவில் இரண்டும் சேர்ந்தால், குளுக்கோசு உப்பைக் குடற்சுவரினூடாக உள்ளே கொண்டு செல்கிறது. அவற்றின் பின்னே தண்ணீரும் செல்கிறது. 1971இல் வங்காளதேச யுத்தத்திற்குத் தப்பி இந்தியாவுக்குள் வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. மேற்கு வங்காளத்தின் பங்கான் முகாமில், நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலையில், வைத்தியர் திலீப் மகலனோபிஸ் இந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருக்குவித்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. முகாமில் இறந்தவர்கள் உலகத்திற்குச் செய்தியானார்கள், அது முறையே. ஆனால் ஒரு குவளை நீரைக் குடித்துப் பிழைத்து எழுந்து நடந்தவர்களை யார் எழுதினார்கள்?

"எழுதாவிட்டால் என்ன? நன்மை நடந்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்கலாம். போதாது என்பதற்கு ஆச்சி சொன்ன அந்த மலேரியாக் காய்ச்சலின் வரலாறே சாட்சி.

1934இல் பருவமழை பொய்த்து, நம் நாட்டின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. 1934, 1935 ஆகிய இரு ஆண்டுகளிலும் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் 1946 முதல் வீடு வீடாக டிடிரி மருந்து தெளிக்கப்பட்டது. நோய் ஆண்டுக்காண்டு குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. எத்தகைய நல்ல செய்தி!

அடுத்து நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நோய் ஒழிந்துவிட்டது போலத் தோன்றியதால் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் கவனமும் தளர்ந்தது. 1967இன் பிற்பகுதியில் நோய் மீண்டும் கிளர்ந்தது. 1969இல் மட்டும் 5 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாகினர். பதினேழு, ஆறே ஆண்டுகளில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

நுளம்பின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. கிடைத்த நன்மையை நாம் நன்மையென்று எண்ணாமல், இயல்பென்று எண்ணிவிட்டோம். இயல்பாக இருப்பதற்குக் காவல் எதற்கு? இங்கேதான் இவ்விடயம் ஒரு தார்மீகக் கேள்வியாகிறது. சின்னஞ்சிறு நன்மைகளைக் கவனிப்பது மனதுக்கு ஆறுதல் தேடும் பொழுதுபோக்கு என்று பலர் கருதுகிறோம். உண்மையில் அது ஒரு கடமை. எதைக் கவனிக்கிறோமோ அதைத்தான் காப்போம்.

இழந்ததை மீட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1999இலும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். யுத்தம் நடந்த காலத்திலும் அதன் இருபுறத்தும் சுகாதார ஊழியர்கள் விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். அதன் பின்னரும் சோதனை நிற்கவில்லை. நோயே இல்லாத ஆண்டுகளிலும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இரத்த மாதிரிகள் பார்க்கப்பட்டன. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது. ஒரு நாள் செய்தியாக வந்தது. மறுநாள் மறந்து போயிற்று.

பத்து இலட்சம் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்து, "இல்லை, இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்த அந்த ஊழியரை எண்ணிப் பாருங்கள். அவர் எதையும் காணாமைதான் அவருடைய வெற்றி. தாயொருத்தி கிணற்றுக்கட்டிலே பிள்ளை ஏறாமற் பார்த்துக்கொள்வதும், வயர் பழுதுபார்ப்பவர் அறுந்த கம்பியை மழைக்கு முன்னர் கட்டிவிடுவதும் இவ்வகையான வெற்றிகளே. இவர்களுக்கு மாலையிட எவரும் வருவதில்லை. காப்பாற்றப்பட்டவருக்கே தாம் காப்பாற்றப்பட்டது தெரியாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். துன்பங்கள் மலிந்த நாட்டிலே நல்ல செய்தி பேசுவது, துன்பப்படுவோருக்கு முகம் திருப்புவதாகாதா? நியாயமான ஐயமே. மலேரியா போன இதே நாட்டில் 2017இல் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்பவன் முகஸ்துதி பேசுகிறான். ஆனால் எதுவுமே நன்றாகவில்லை என்று சொல்பவனும் உண்மை பேசவில்லை. முன்னவன் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்கிறான்; பின்னவன் செய்து பயனில்லை என்கிறான். இருவரும் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். நல்ல செய்தியை உண்டாக்கியவர்களோ கெட்ட செய்தியை முழுவதும் கேட்டவர்கள். நோயாளரை ஒருவர் தப்பாமல் எண்ணியவர்கள்.

2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு புதுவகை மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடியது. நோய் நாட்டில் இல்லாதபடியால் அது இன்று வெறும் நுளம்பாகவே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டு வருபவர் ஆண்டுதோறும் இருக்கவே செய்கிறார்கள். கிணற்றை வலையால் மூடுவதும், அதில் மீன்குஞ்சு விடுவதும், பயணம் போய் வந்தவர் காய்ச்சல் கண்டால் இரத்தம் சோதிப்பதும் சின்ன வேலைகள். அவற்றைச் செய்யச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் படலையடியில் வந்து நின்றால், "இல்லாத நோய்க்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்று சலித்துக்கொள்பவர் நம்மில் எத்தனை பேர்!

ஆச்சியின் பேரப்பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கியவர்களைக் கண்டதில்லை. அது அவர்களுடைய பாக்கியம். அதுவே அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துமாகும். அறியாத ஒன்றுக்கு எப்படிக் காவலிருப்பார்கள்? ஆகவே நினைவுள்ளவர்கள் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய தொல்லைகளைப் பேசுவது போல, அன்று நேராமற் போன தொல்லை ஒன்றையும் அது யாருடைய உழைப்பால் நேராமற் போனது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதற்குப் பணம் வேண்டாம். கொஞ்சம் நினைவு வேண்டும்.

ஆச்சி கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பிந்தியாவது அவருடைய புதினத்தைப் பேப்பரிலே போட்டுவிட்டேன். இந்த மாரிக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட ஆட்கள் இருக்கட்டும்.