தலைவிதியும் சாலைவிதியும்

இளைஞன் ஒருவன் சாலையில் மாண்டான். ஊர் கூடுகிறது, "அவன் தலைவிதி" என்கிறது. யார் அந்த ஊரார்? அவன் புதுவண்டி வாங்கிய அன்று சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர்கள்! மாலையிட்டுச் சந்தனம் பூசிப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பிப் பூசை போட்டவர்கள்! இத்தனையும் செய்தும் பிள்ளை மாண்டானே, ஏன் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

நாம் கேட்போம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டோரில் மூவருக்கு இருவர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். உழைத்து வீட்டைத் தாங்க வேண்டிய பருவத்தினர். இவையெல்லாம் தலையில் எழுதிய எழுத்து என்றால், தலைக்கவசம் அணிந்தவன் தலையில் எழுத மட்டும் அந்தக் கை ஏன் தடுமாறுகிறது? மாண்டது தலைவிதியால் அன்று. சாலைவிதி இல்லாமையால், இருந்தும் மதியாமையால்.

சரி, விதி எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் அறிவுடையோரும் இரு பிரிவாக நிற்கின்றனர். "புதிதாக உரிமம் பெற்ற இளைஞரைக் கட்டுப்படுத்து" என்கிறது ஒரு பிரிவு. "கட்டுப்பாடு அடிமைத்தனம், நல்ல பயிற்சி கொடு, போதும்" என்கிறது மற்றொன்று.

இன்றைய சட்டத்தைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 18 வயதில் வழி திறக்கிறது. பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். சிறிது நேரம் ஓட்டிக் காட்டினால் முழு உரிமம். அன்றிரவே நண்பர்களை ஏற்றிக்கொண்டு காரைக்குடியிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் பறக்கலாம், சட்டம் தடுக்காது. 18 நிரம்பாத சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் தண்டம். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முந்திய நாள் வாளேந்தி நிற்கும் சட்டம், உரிமம் கைக்கு வந்ததும் உறங்கப் போய்விடுகிறது! ஓர் இரவில் அறிவு முதிர்ந்துவிடுமா?

பயிற்சியின் பெருமையை நாம் அறியாதவர் அல்லர். நமக்கு அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. பயிற்சி அங்கே விடுதலையாயிற்று. ஆனால் சைக்கிளில் தவறினால் முழங்கால் சிராயும். மோட்டாரில் தவறினால் பிறர் உயிர் போகும். நார்வே நாட்டில் 1979இல் வழுக்குச் சாலையில் ஓட்டும் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கினர். இளம் ஆண்களிடையே வழுக்கு விபத்து குறையவில்லை, கூடிற்று! கை கற்றது, அதைவிட வேகமாக மனம் இறுமாந்தது. திறமை ஒன்று, நிதானம் வேறு. முன்னதை ஆசிரியன் தரலாம். பின்னது பழக்கத்தால் மட்டுமே வரும். பழகும் காலத்தில் உயிரோடு இருக்க வேண்டுமே!

அதனால்தான் நியூசிலாந்து 1987இல் உரிமத்தைப் படிப்படியாக வழங்கும் முறையை வகுத்தது. இடைப்படியில் நிற்பவர் இரவு பத்து மணிக்குமேல் தனியே ஓட்டக்கூடாது; துணைக்குத் தேர்ந்தவர் இன்றி நண்பர்களை ஏற்றக்கூடாது. இளைஞர் விபத்துகள் அங்கே குறைந்தன. நம் செட்டிநாட்டார் கொண்டுவிக்கப் போன மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், புதிய ஓட்டுநர் தம் வண்டியில் அடையாளம் ஒட்டித்தான் ஓட்டவேண்டும். அங்கே ஈராண்டு, இங்கே ஓராண்டு. அந்த நாடுகளுக்குக் கப்பலேறிப் போய்ப் பொருள் கொண்டுவந்தோம். இந்த நல்ல வழக்கத்தைக் கொண்டுவரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி நம் நெஞ்சைக் குடைகிறது. "இந்தச் சாலையில் நீ வராதே" என்ற தடையை எதிர்த்து 1924இல் வைக்கத்தில் போராடிய பெரியாரின் வழிவந்தவர்கள் நாம். சாலையில் ஒரு தடையை நாமே கேட்கலாமா?

கேட்கலாம். வைக்கத்துத் தடை பிறப்பால் வந்தது, சாகும்வரை தீராதது, ஒரு சாரார்மீது மட்டும் விழுந்தது, காரணம் கேட்டால் சாத்திரத்தைக் காட்டியது. நாம் கேட்கும் தடையோ ஆண்டான் மகனுக்கும் கூலியின் மகனுக்கும் ஒன்றே. ஓராண்டில் தானே தீர்வது. காரணம் கேட்டால் கணக்கைக் காட்டுவது. அது இழிவுபடுத்தும் வேலியன்று; நாற்றைக் காக்கும் வேலி. நடவு முடிந்து பயிர் தலைதூக்கியபின் அந்த வேலிக்கு வேலையில்லை.

ஆயினும் ஒன்றை மறவாதீர். இரவில் உணவுப் பொட்டலம் சுமந்து வீடுவீடாகச் செல்லும் இளைஞனின் வயிற்றில் அந்தத் தடை அடிக்கக்கூடாது. பிழைப்புக்காக ஓட்டுபவனுக்கு விலக்கு வேண்டும். விலக்குப் பெற்றவனுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பணமுள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் சரக்காக இராமல், அரசுக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பயிற்சியில்லாத தடை வெறும் அதிகாரம். தடையில்லாத பயிற்சி வெறும் நம்பிக்கை. இரண்டும் இணைந்தால்தான் அறிவு.

இளைஞர்களே! சாலை நம் உரிமை, ஐயமில்லை. கீரைக் கூடையோடு சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் அதே உரிமை உண்டு. அவள் வீடு திரும்பும் உரிமைக்காக நம் வேகத்தை ஓராண்டு அடக்கிக்கொள்வது அடிமைத்தனம் ஆகாது. எலுமிச்சம்பழத்தை வீட்டில் ஊறுகாய்க்கு வையுங்கள். தலையில் கவசத்தை வையுங்கள். சாலையில் கருத்தை வையுங்கள்!