அறிந்தவர் சொல்லலாமா?

ஆலயத்தில் மதியப் பூசை முடிந்து அன்னதானப் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் முன்னரெல்லாம் ஊர்ப் புதினந்தான் பேசப்படும். இப்போது அந்த இடத்தை வேலைப் புதினம் பிடித்துக்கொண்டது. "உங்கட கொம்பனியிலை ஆக்களை நிப்பாட்டப் போறாங்களாம், உண்மையோ?" என்று நாமும் கேட்டிருக்கிறோம், எம்மிடமும் பலர் கேட்டிருக்கின்றனர். எம்மவரில் கணிசமானோர் கணினித் துறையில் இருப்பதால் இது வெறும் வம்பளப்பு அல்ல. மெற்றா நிறுவனம் 2022 நவம்பரில் 11,000 பேருக்கு மேலாகவும், கூகிள் 2023 சனவரியில் ஏறத்தாழ 12,000 பேரையும் நிறுத்துவதாக அறிவித்தன. கூகிளில் பலர் காலையில் கணினிக்குள் நுழைய முடியாமற் போனபோதுதான் தமக்கு வேலை இல்லை என்பதை அறிந்தனர்.

வேலை இழந்தவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள. முன்கூட்டியே அறிந்திருந்தவரைப் பற்றி எழுதுவோர் குறைவு. அப்படி அறிந்திருந்தவர் நாமே என்பதால் இதை எழுதுகிறோம்.

நாம் ரொறன்ரோவில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறோம். பெயர் வேண்டாம். ஆட்குறைப்பு என்றால் முதலில் தேவைப்படுவது கணக்கு. யாருக்கு எத்தனை வருட சேவை, எத்தனை கிழமைச் சம்பளம் கொடுக்கவேண்டும், மொத்தம் எவ்வளவு என்று போட்டுக் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர். இரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் வைத்திருந்தோம். அந்தப் பட்டியலில் எமது ஆலயத்துத் தம்பி ஒருவரின் பெயர் இருந்தது. ஒன்பது வருட சேவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாம்பார் வாளியோடு நின்ற எம்மிடம் வந்தார். வீடு ஒன்று பார்த்திருப்பதாகவும், வங்கிக் கடன் கிடைத்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால்தான் விற்பவர் சம்மதிப்பார் என்றும் சொன்னார். "அண்ணை, கொம்பனியிலை ஏதும் பிரச்சினை இருக்கோ?"

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி" என்றோம்.

அவர் நிபந்தனையை எடுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். ஐந்தாம் கிழமை வேலை போயிற்று. வங்கி கடனை நிறுத்தப் பார்த்தது. மைத்துனர் கூடக் கையெழுத்து வைத்திராவிட்டால் வைப்புப் பணமும் போயிருக்கும்.

இந்த இடத்தில் எமக்கு ஊர் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எமக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு முதல் நாளே நீர் இறைக்கும் மோட்டரையும் விதை வெங்காயத்தையும் உழவு இயந்திரத்தில் ஏற்றித் தென்மராட்சிக்கு அனுப்பிவிட்டார். ஐயா கேட்டதற்கு "மச்சாள் வீட்டிலை தேவையாம்" என்றார். அவரை எமது வீட்டில் பல வருடம் திட்டினோம். வேலை போவதை ஊர் போவதோடு ஒப்பிடுவது தவறு என்பது எமக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதும் நாம் சொன்னதும் ஒரே சாதிப் பொய்தான்.

எமது துறையில் ஒரு விதி உண்டு. சர்வதேசக் கணக்கியல் நியமம் 37 இன்படி, இயக்குநர் சபை ஆட்குறைப்புக்கு முடிவெடுத்தது மட்டும் போதாது. திட்டத்தைப் பாதிக்கப்படுவோருக்கு அறிவித்திருக்க வேண்டும், அல்லது நடைமுறைப்படுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை அந்தச் செலவு கடப்பாடாகப் பதியப்படாது. சுருங்கச் சொன்னால், சொல்லாதவரை கடன் இல்லை. பரீட்சைக்கு இதை இலகுவாக மனனம் செய்தோம். புத்தகத்துக்கு அது சரி. பந்தியில் எதிரே நிற்கும் மனிதருக்கும் அது சரியா?

அப்படியானால் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? அதையும் நாம் ஏற்கவில்லை. பட்டியல் கடைசி நாள்வரை மாறும். ஒருவருக்குச் சொன்னால் மறுநாள் நூறு பேருக்குத் தெரியும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமென்றால் சட்டச் சிக்கலும் வரலாம். நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் என்று சில நாள் எம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் எமது பொய்யால் நன்மை அடைந்தவர் அவரல்ல, நாம்.

"சொல்ல ஏலாது" என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அதற்கு முந்திய வருடங்களில், ஒன்றும் இல்லாதபோதெல்லாம் "ஒண்டும் இல்லை" என்று தாராளமாகச் சொல்லி வந்தோம். திடீரென "சொல்ல ஏலாது" என்றால் அதுவே பதிலாகிவிடும். ஆகவே இரகசியம் கையில் உள்ளவர் ஒன்றும் இல்லாத காலத்திலும் "வேலை விசயம் கதைக்கிறேல்லை" என்றே இருந்து பழக வேண்டும். கூடவே எவருக்கும் பொருந்தும் உண்மையைத் தாராளமாகச் சொல்லலாம்: இந்தத் துறையில் எவரும் கடன் நிபந்தனையை எடுத்துவிட்டு வீடு வாங்க வேண்டாம். இதற்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை. இதைக்கூட நாம் அன்று சொல்லவில்லை.

கொடுப்பனவு பற்றியும் சிலது. ஒன்ராறியோச் சட்டப்படி முன்னறிவித்தல் அல்லது அதற்கீடான சம்பளம் வருடத்துக்கு ஒரு கிழமையாக எட்டுக் கிழமைவரை. ஒரே தடவையில் 50 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ நிறுத்தினால் வேறு கணக்கு. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, வருடச் சம்பளச் செலவு 25 இலட்சம் டொலருக்குக் குறையாத நிறுவனமானால், வருடத்துக்கு ஒரு கிழமை வீதம் 26 கிழமைவரை மேலதிகமாக உண்டு. ஒன்பது வருடத் தம்பிக்கு ஆகக் குறைந்தது 17 கிழமை. இந்த ஆகக் குறைந்த தொகைக்கு எந்த விடுவிப்புப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அதற்கு மேல் எவ்வளவு என்பதை வயது, சேவைக்காலம், பதவி, வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை வைத்து நீதிமன்றங்கள் 1960 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பின்பற்றித் தீர்மானிக்கின்றன. தவணையாகத் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். நோர்ட்டெல் 2009 சனவரியில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது, தவணையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பணம் நின்றது. சொத்துப் பங்கீடு நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று.

வேலை போய் மூன்றாம் கிழமை அந்தத் தம்பி ஆலயத்துக்கு வந்தார், கையில் ஒரு கடித உறையோடு.

"அண்ணை, உங்களுக்கு முதலே தெரியும் என்ன?"

"ஓம்" என்றோம்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். "எனக்கு அண்டைக்கே உங்கட முகத்திலை விளங்கினது. இல்லையெண்டு சொல்லுவியள் எண்டுதான் வந்து கேட்டனான்." பிறகு உறையை நீட்டினார். "இதிலை கையெழுத்து வைக்கட்டோ?"

அதை நாம் வாங்கவில்லை. "தம்பி, உதிலை இருக்கிற கணக்கை நான்தான் போட்டனான். என்னட்டைக் காட்டாதையுங்கோ. தொழில் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரிட்டைக் கொண்டுபோங்கோ. அதுக்கு முதல் கையெழுத்து வைக்காதையுங்கோ."

அவர் தலையாட்டிவிட்டு உறையை உள்ளே வைத்தார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அன்று எமக்குப் பரிமாறும் முறை இல்லை. அவர் எமக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.