பிள்ளை எதைச் சார்ந்து பள்ளிக்குப் போகிறது?

விஜயதசமி காலையில் கோவை சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலில் பெற்றோர் கூட்டம் நிரம்பி வழியும். பரப்பிய அரிசியின் முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் சுட்டுவிரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். தங்கத்தால் நாக்கில் எழுதும் வழக்கமும் உண்டு. சில பிள்ளைகள் சிரிக்கும், சில வீறிட்டு அழும். கேரள வழக்கில் இது வித்யாரம்பம். கொங்கு நாட்டு வீடுகளிலும் அந்த நாளில் பிள்ளைக்கு ஏடு தொடங்குவது உண்டு.

அங்கே எழுதுவது யார்? விரல் பிள்ளையுடையது, அசைப்பது பெரியவர் கை. மறுநாள் அந்த எழுத்தைப் பிள்ளை தானாக எழுதிவிடப் போவதில்லை. அப்படியானால் அன்று தொடங்கியது என்ன?

அறிவு பிள்ளைக்குள் ஏற்கெனவே இருக்கிறதா, வெளியிலிருந்து வந்து சேர்கிறதா என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பிள்ளையை ஒரு வீடு எப்படித் தயார்செய்கிறது என்பது, தெரிந்தோ தெரியாமலோ அது இந்தக் கேள்விக்கு வைத்திருக்கும் பதிலைப் பொறுத்தது.

அறிவைப் புகட்டத்தான் வேண்டும் என்று நினைக்கும் வீட்டில், மூன்று வயதிலேயே நோட்டும் பென்சிலும் வந்துவிடும். நூறு வரை எண்ணிக் காட்டினால் பெருமை, தடுமாறினால் வசவு. எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று நம்பும் வீடோ, “போகப் போகத் தானாப் பழகிக்கும்” என்று விட்டுவிடும். மனிதனுக்குள் ஏற்கெனவே இருக்கும் நிறைவை வெளிப்படுத்துவதே கல்வி என்று 1894-இல் சென்னை அன்பர் சிங்காரவேலு முதலியாருக்கு விவேகானந்தர் எழுதினார். அந்தக் கருத்து பெற்றோரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. உள்ளே இருப்பது வெளிவரத் தடையாக நிற்பது எது என்று பார்க்கும் வேலையை அது அவர்களிடம்தான் ஒப்படைக்கிறது.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழிவந்த மரபில், உயிர் அறிவற்ற சடம் அல்ல. ஆனால் அது தானாகவும் அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆனாலும் ஒளி இல்லாமல் அது பார்க்க முடியாது. இதோடு இன்னொன்றையும் அந்த மரபு சேர்க்கிறது: உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. சித்தாந்தம் இதையெல்லாம் சொல்வது உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான். ஆனாலும் பள்ளி வாசலில் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

அந்த வயதில் பிள்ளை சார்ந்திருப்பது எழுத்தை அல்ல, ஆளை. அம்மாவின் கை நடுங்கினால் அது பிள்ளைக்குத் தெரியும். “அழுவாத சாமி, அம்மா இங்கயேதான் நிப்பேன்” என்று சொல்லிவிட்டு, அது திரும்பும் நேரத்தில் நழுவிப் போவது அந்தச் சார்பையே உடைக்கிறது. நீ சாப்பிட்டு முடித்ததும் வருவேன் என்று சொல்லி, முகம் பார்த்து விடைபெற்று, சொன்னபடி வந்து நிற்கும் அம்மாவை நம்பிப் பிள்ளை மறுநாளும் உள்ளே போகும். அழுகை ஒரே நாளில் நிற்காமல் போகலாம், நம்பிக்கை கெடாது. “சேட்டை பண்ணுனா டீச்சர்கிட்டச் சொல்லிருவேன்” என்ற மிரட்டலும் இதே தவறைத்தான் செய்கிறது. நாளைக்குப் பிள்ளை யாரைச் சார வேண்டுமோ, அவரையே இன்று பூச்சாண்டி ஆக்கிவிடுகிறது.

பக்தி மரபையும் குழந்தை மனத்தையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தில் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையம் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கீர்த்தனைகள் இயற்றிய அவரே குழந்தைகளின் மனத்தைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதினார், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். பக்தியும் உளவியலும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

உயிர் அறிவதற்கு உடம்பும் கருவிகளும் வேண்டும் என்பதும் சித்தாந்தம்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், இரவில் நேரத்தோடு தூங்க வைப்பது, டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூடப் பழக்குவது, ஒண்ணுக்கு வந்தால் கூச்சமில்லாமல் சொல்லக் கற்றுக்கொடுப்பது எல்லாமே கல்வியின் பகுதி. அப்பாரும் அமுச்சியும் சொல்லும் கதையைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்கும் பிள்ளைக்குக் கவனம் என்பது ஏற்கெனவே பழகியிருக்கும். பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அரசும் ஏற்றுக்கொண்டது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது.

உயிர் அறிவிக்கத்தான் அறியும் என்றால், அறிவிப்பார் இல்லாத பிள்ளை என்ன ஆவது? 1822-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அனுப்பிய அறிக்கையில் மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. பையன்கள் ஐந்து வயதில் சேர்ந்து 13, 14 வயது வரை படித்தார்கள். பெண் பிள்ளைகளோ மிகச் சிலர். சாதியால் திண்ணைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏராளம். எல்லா உயிருக்கும் அறியும் ஆற்றல் உண்டு என்று சொன்ன நாடு, எல்லாப் பிள்ளையின் விரலையும் பிடிக்கவில்லை. 1930-இல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய, தூரன் ஆசிரியராக இருந்த அந்த வித்யாலயம் சாதி பாராமல் மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்துப் படிக்க வைத்தது. 2019-இல் தமிழகத்தின் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. இப்போது விஜயதசமியன்று அரசுப் பள்ளிகளும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன.

எல்லாப் பிள்ளையின் விரலையும் பிடிக்கும் இந்த வேலை இன்னும் முடியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவையின் பவுண்டரிகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் சேர்கிறார்கள். வீட்டில் எவ்வளவு தைரியம் சொல்லி அனுப்பினாலும், வகுப்புக்குள் அந்தப் பிள்ளையின் பேச்சு யாருக்கும் புரியாது. அங்கே பெற்றோரின் தயாரிப்பு மட்டும் போதாது, பள்ளியும் தயாராக வேண்டும். தண்ணீர், பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா எப்போது வருவாள் என்பனவற்றை அந்தப் பிள்ளையின் மொழியில் ஆசிரியர் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.