நோயிற் பேணல்: தானமா, கடனா?



நோயுற்று வேலைக்கு வர இயலாத தொழிலாளிக்கு முதலாளி செய்யும் உதவி தானமா, கடனா? தானமெனின், கொடுத்தோனுக்குப் புகழ்; கொடாதோனுக்குக் குற்றமில்லை. கடனெனின், கொடாமை பிறர் பொருளைக் கவர்தலேயாம். ஆதலின் இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியன்று. பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தைத் தொடுவது.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசித்தபோது, வேலையாட்களுக்கு எஜமானன் ஆற்ற வேண்டியவை ஐந்தெனக் காட்டியருளினார். வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயிற் பேணுதல், சுவையுள்ள பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் என்பன அவை. கூலி கடனென்பதை யாரும் மறுப்பதில்லை. அக்கூலிக்கு அடுத்து நிற்கும் நோய்ப் பேணல் மட்டும் தானமாவது எங்ஙனம்? பிணி உடலின் இயல்பு. இயந்திரம் வாங்குவோன் எண்ணெய்க்கும் பழுதுக்கும் பணம் ஒதுக்குகிறான். மனித உடலின் உழைப்பைப் பெறுவோன் அதன் பிணியை மட்டும் தனக்குப் புறம்பென்று தள்ளலாமோ?

"பாதிப்பேர் நடிக்கிறார்களே" என்பர் சிலர். இவ்விடத்து நம் குற்றத்தை மறைத்தல் தகாது. நாம் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாயிருந்த காலத்தில், பஞ்சு அடிக்கும் பகுதியில் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை காலையில் வருவார். சில மணி நேரத்தில் மார்பு இறுகுகிறதென்று வீடு திரும்புவார். மற்ற நாட்களில் குறைவின்றி வேலை செய்வார். "ஞாயிற்றுக்கிழமைக் குடியே காரணம்" என்று நாம் எழுதிக் கொடுத்தோம். அவர் குடிப்பவரா என்று ஒருவரையும் கேட்டோமில்லை. அவருக்கு வேலை போயிற்று.

பல்லாண்டு கழித்தே உண்மையறிந்தோம். பருத்தித் தூசியால் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகிறது. தொடக்கத்தில் அது, ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் மார்பை இறுக்கும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் அது தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது. எந்த அடையாளத்தால் அவரைப் பொய்யரென்றோமோ, அதுவே அவர் நோயின் அடையாளம். பொய்யுரைத்தவர் நாமே. நடிப்போர் இல்லையென்று நாம் கூறவில்லை. அதனைத் தீர்ப்பது மருத்துவர் கடமை, மேஸ்திரியின் வேலையன்று என்கிறோம்.

சிறு முதலாளி இச்சுமையைத் தாங்குவானோ எனின், தனியே தாங்க வேண்டுவதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் வைசிராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த காலத்தில், 1944இல், பேராசிரியர் அதார்க்கர் நோய்க்காப்புத் திட்ட அறிக்கையை அளித்தார். அதன்வழி 1948இல் சட்டம் பிறந்தது; 1952 பிப்ரவரி 24இல் இ.எஸ்.ஐ. திட்டம் கான்பூரில் தொடங்கப்பெற்றது. 2019 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 3.25 பங்கை முதலாளியும் 0.75 பங்கைத் தொழிலாளியும் செலுத்துமாறு ஏற்பட்டது. நோயுற்றோர்க்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். பலர் சிறிது கொடுத்து ஒருவரைத் தாங்குவது சங்க தருமமன்றோ?

உறுப்புக் குறைவுற்றோரிடத்தும் இந்நீதியே. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 2014இல் ஓட்டுநராகச் சேர்ந்த ஒருவர், நிறம் பிரித்தறியும் பார்வைக் குறையால் 2016இல் வேலையினின்று அனுப்பப்பட்டார். மாற்று வேலை உண்டாவென்று தேடாமல் அனுப்பியது தவறென்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பழைய சம்பள நிலையிலேயே தகுந்த பணி தரவும் ஆணையிட்டது. வலிமைக்குத் தக்க வேலை என்ற பகவான் மொழியே அங்குச் சட்டமாயிற்று.

நமது வெதுருகுப்பம் பகுதியின் மாந்தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலும் உழைப்போர்க்கு இக்காப்பு எளிதில் எட்டுவதில்லை. அங்கே எஜமானனின் நெஞ்சமே சட்டம். நான்கு ஆட்களை வைத்து வேலை வாங்கும் உபாசகர்களே, ஆள் வராத நாளில் திட்டுமுன் அவன் வீட்டுக்குச் சென்று பாருங்கள். மருந்துக்குக் கொடுப்பதைக் கூலிக் கணக்கில் கழியாதீர்கள். குணமானவனுக்கு இலேசான வேலை கொடுங்கள்.

நாம் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற இன்று வழியில்லை. அவர் இருக்குமிடமும் நமக்குத் தெரியாது. நீங்களேனும் அவ்வரியை எழுதாதிருப்பீர்களாக.

எல்லா உயிரும் பிணி நீங்கி வாழ்க!